கரையை அடைப்பதா, குட்டை வெட்டுவதா?

திருப்புல்லாணியைத் தாண்டி சேதுக்கரைக்குப் போகிற பக்கம் எங்களுக்கு 7 ஏக்கர் இருக்கிறது. அங்கிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர். அந்த ஏழில் 2 ஏக்கரைத் தாத்தா தண்ணீருக்கென்றே விட்டுவைத்தார். குதிரை லாடம் போல வளைந்து 500 அடிக்கு ஒரு மண்கரை; ஆழமான இடத்தில் 6 அடி உயரம். ஊரில் யாரும் அதைக் கண்மாய் என்று சொல்வதில்லை. கண்மாய் என்றால் ஊருக்குப் பொது. அதற்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை உண்டு, மிஞ்சினது வழிந்து போகிற கலுங்கு உண்டு, முறை உண்டு, சண்டை உண்டு. எங்களுடையது பட்டா நிலத்தில் சொந்தக் காசில் போட்டது, அதனால் வெறும் ‘கரை’. ‘கரைக்குப் போயிருக்கான்’ என்றால் எங்கள் வீட்டில் அந்த இடம்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி இரவில் அது உடைந்தது. அன்றிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு கூடினால் இதே பேச்சுதான். துபாயில் இருக்கிற அண்ணன் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை வெட்டலாம் என்கிறார். மச்சான் போர் போட்டு சோலார் மோட்டார் வைக்கலாம் என்கிறார். சித்தப்பாவுக்கு இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டால் போதும். அப்பத்தாவிடம் கேட்டால் ஒரே வார்த்தை: “அடைங்கடா.”

எது சரி என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு. நான் அப்பத்தா பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் நினைக்கிற மாதிரி பழையபடியே அடைக்கும் பக்கம் இல்லை.

முதலில், தண்ணீர் எதற்கு? குடிப்பதற்கு இல்லை. அதற்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும்போது வருகிறது, வராதபோது கேன். எங்களுக்கு மூன்று தேவைகள். 3 ஏக்கர் முண்டு மிளகாய்க்குத் தையிலும் மாசியிலும் ஒவ்வொரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நாற்பது தென்னை. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உறைக்கிணறு. இந்த மூன்றாவதை எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அதுதான் பிரதானம் என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷமானது.

மழை இல்லாத சீமை என்று ராமநாதபுரத்தைச் சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோம். வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது. எங்கள் 7 ஏக்கரில் விழுவதை மட்டும் கணக்குப் போட்டால் இரண்டே கால் கோடி லிட்டர். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி, கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். சேதுபதிகள் காலத்துச் சீமை முழுக்கக் கண்மாயாக வெட்டிப்போட்டிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். நாரையாலேயே ஒரே மூச்சில் கடக்க முடியாதாம். எங்கள் கரையை ஒரு தவிட்டுக்குருவி கடந்துவிடும். ஆனாலும் வேலை ஒன்றுதான்: அந்தச் சில நாளில் வருவதை நான்கு மாதத்துக்கு இழுத்துப் பிடிப்பது.

இனி ஒவ்வொன்றாக.

இறால் குத்தகையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பணம் உடனே வரும். குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும்போது உப்பும் கூடவே வரும், அதை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். விவசாய நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. சித்தப்பாவிடம் சட்டத்தைச் சொன்னால் “யார் வந்து பார்க்கப் போறா?” என்பார். அதனால் உப்பை மட்டும் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

போர் விஷயம் அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. மச்சானின் ஊர் பரமக்குடிப் பக்கம், வைகைக் கரை. அங்கே போர் போட்டால் தண்ணீர், அவ்வளவுதான். இங்கே நிலத்தடியில் இருப்பது ஒரே தண்ணீர் இல்லை, இரண்டு தண்ணீர். கடல் பக்கமிருந்து உள்ளே வந்த உப்புத் தண்ணீர் கீழே. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் அதன் மேலே எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிடக் கொஞ்சம்தான் கனம், நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் எல்லாக் கணக்கும் வருகிறது: கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுப் பொறியாளரும், அவருக்குப் பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு இது. மணல்மேட்டில் கைஅளவு ஊற்றுத் தோண்டி, ஆழமாகத் தோண்டாதே என்று பிள்ளைகளை அதட்டுகிற நம் கடற்கரைப் பெண்களுக்கு அது எப்போதோ தெரியும்.

இதையே திருப்பிப் படித்தால் பயமாக இருக்கிறது. மோட்டார் போட்டு மேலே ஓரடியை இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடிக்கு ஏறி வரப் பார்க்கும். ஒரே நாளில் வராது. முதல் வருஷம் போர் அருமையாக இருக்கும், ஊரே வந்து பார்க்கும். மூன்றாவது வருஷம் தென்னை ஓலை நுனி கருகும். எங்கள் பக்கம் இப்படிக் கைவிட்ட போர்க் குழாய்கள் வேலி ஓரமாக மூடி போட்டு நிற்கின்றன. ‘மானியம் கிடைக்குதே’ என்பதுதான் மச்சானின் கடைசி வாதம். மானியத்தில் கிடைக்கிற சோலார் மோட்டாருக்கு டீசல் செலவு இல்லை, கரண்ட் செலவு இல்லை. அதனால் நிறுத்தவும் மாட்டோம். எனக்கு அதுதான் பயம்.

அண்ணனின் பண்ணைக்குட்டைதான் உண்மையான போட்டி. நூறுக்கு நூறு அடி, 6 அடி ஆழம், ஓரங்களைச் சரிவாக வெட்டினால் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். எங்கள் 3 ஏக்கர் மிளகாய்க்கு இரண்டு அங்குலம் பாய்ச்ச ஒரு முறைக்கு 6 லட்சம் லிட்டர். இரண்டு முறைக்கு 12. கச்சிதமாகப் பொருந்துகிறது. தார்ப்பாய் விரித்துவிட்டால் ஒரு சொட்டு கீழே போகாது. ஆவியாவதும் குறைவு. வெயில் நாளில் நம் பக்கம் திறந்த தண்ணீர் தினம் 5, 6 மில்லிமீட்டர் இறங்கும், மாதத்துக்கு அரையடி. தாத்தாவின் கரையில் 2 ஏக்கர் பரப்புக்கு அரையடி என்றால் மாதம் 12 லட்சம் லிட்டர் சூரியனுக்குப் போகிறது. குட்டையில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழேதான். மிளகாய்க்கு மட்டும் தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணன் சொல்வதுதான் சரி. 2023-இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்கு அதன் மேல் தனிப் பாசம். துபாய்க் கடையில் பாக்கெட்டைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார்.

ஆனால் குட்டை வெட்டுகிற இடம் துபாயில் இல்லை, சேதுக்கரைப் பக்கம் இருக்கிறது. இங்கே கோடையில் தோண்டினால் ஏழெட்டு அடியில் ஈரம், கார்த்திகையில் மூன்று, நான்கு அடியிலேயே தண்ணீர். குட்டை நிறைவதற்கு முன்னால் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் அது தார்ப்பாயைக் கீழேயிருந்து தூக்கும். பக்கத்து ஊரில் ஒருவர் குட்டையில் அதைக் கண்ணால் பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு பெரிய கொப்புளம், யானை மல்லாந்து படுத்த மாதிரி, குட்டை நடுவில் எழும்பி நின்றது. மேலே ஏறி மிதித்து அமுக்கப் பார்த்ததில் ஒட்டுப் போட்ட இடம் கிழிந்துவிட்டது. வெட்டாமல் தரைக்கு மேலே சுற்றிக் கரை எடுத்துக் கட்டலாம், முடியும். செலவு கூடும், நல்ல மண் வெளியிலிருந்து வர வேண்டும். வேலி கட்டாயம். தார்ப்பாய்ச் சரிவில் சறுக்கி விழுந்த ஆடும் ஏற முடியாது, பிள்ளையும் ஏற முடியாது. முடிச்சுப் போட்ட கயிறு நான்கு பக்கமும் தொங்க வேண்டும். இதையெல்லாம் யாரும் மதிப்பீட்டில் எழுதித் தருவதில்லை.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. ஒரு சொட்டு கீழே போகாது என்பதை அண்ணன் லாபமாகச் சொல்கிறார். கிணற்றுக்கு அதுவே நஷ்டம்.

கிணற்றுக் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். கரை இருந்த காலத்தில் அப்பத்தா கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு வேக வைப்பார். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் பருப்பு நன்றாக வெந்து குழையும். பங்குனிக்கு மேல் கல் மாதிரி நிற்கும். குழாய்த் தண்ணீருக்கு மாறிவிடுவார். கரை உடைந்த பிறகு எந்த மாதத்திலும் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. “கரையில தண்ணி நின்னா கெணறு இனிக்கும்” என்று அவர் சொல்வதை வயசானவர் பேச்சு என்று நினைத்திருந்தேன். 40 அடிக் கணக்கைப் படித்த பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். கரையில் நின்ற தண்ணீர் ஊறி இறங்கி, கிணற்றைச் சுற்றி நல்ல நீரைக் கொஞ்சமாக உயர்த்தியிருக்கிறது. உயர்ந்தது அரையடியாகவே இருக்கட்டும், உப்பு எவ்வளவு கீழே போயிருக்கும்! நிலத்தில் கணக்கு ஏட்டில் உள்ளபடி வராது என்பதும் தெரியும். அடியில் களிமண் பாளம் ஒன்று குறுக்கே இருந்தால் எல்லாம் மாறும். ஆனால் பருப்பு பொய் சொல்லாது.

அதனால் என் கணக்கில், கரையிலிருந்து மண்ணுக்குள் ஊறிப் போவதை நஷ்டத்தில் எழுதவில்லை. ஆவியாவது மட்டும்தான் நஷ்டம். 2 ஏக்கருக்குச் சராசரி இரண்டரை அடி நின்றால் கரையின் கொள்ளளவு 60 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. தை பிறக்கும்போது சூரியனும் மண்ணும் எடுத்தது போக மிளகாய்க்கு இரண்டு தண்ணீர் தாராளமாக மிஞ்சும். மாசிக் கடைசியில் தரை தெரியும். தரை தெரிந்தால் என்ன, அதற்குள் அதன் வேலை முடிந்துவிட்டது.

சரி, கரைதான் என்று முடிவு. எப்படி அடைப்பது? வீட்டில் எல்லோருக்கும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

கரை எப்படி உடைந்தது என்று ஊரில் கேட்டால் ‘மழை தாங்கல’ என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அன்று கரை நிறையவே இல்லை. விளிம்புக்கு இரண்டடி கீழேதான் தண்ணீர் நின்றது. தாத்தா வைத்த கல்மடை தூர்ந்துபோனதென்று, நானும் அப்பாவும் அதை அடைத்துவிட்டு, கரையைக் குறுக்கே வெட்டி நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்தோம். மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடினோம். ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலை. குழாய்க்குள்ளே தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. குழாய்க்கு வெளியே, பிளாஸ்டிக்குக்கும் மண்ணுக்கும் நடுவில், நூலளவு வழி ஒன்று இருந்திருக்கிறது. அதில் கசிந்த தண்ணீர் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. உடைகிற அன்று சாயங்காலம் கரையின் வெளிப்பக்கம் ஒரு சின்ன ஊற்று, கலங்கலாக. எலி வளை என்று நினைத்து ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். தெளிவாகக் கசிந்தால் கரை மூச்சுவிடுகிறது, கலங்கலாகக் கசிந்தால் கரை போய்க்கொண்டிருக்கிறது. இது இப்போது எனக்குத் தெரியும். விடிகாலையில் 30 அடிக்குக் கரை இல்லை.

மண்ணும் காரணம். இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் கிணற்று உப்புத் தண்ணீர், இன்னொன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். கரை மண்ணில் கொண்டைக்கடலை அளவு கட்டி இரண்டை எடுத்து டம்ளருக்கு ஒன்றாகப் போட்டேன், கலக்கவில்லை. உப்புத் தண்ணீரில் கட்டி உதிர்ந்து அடியில் உட்கார்ந்தது, மேலே தண்ணீர் தெளிவு. மழைத் தண்ணீரில் கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. பத்து நிமிஷத்தில் டம்ளர் முழுக்க அரிசி கழுவிய தண்ணீராகிவிட்டது, மறுநாள் காலையிலும் தெளியவில்லை. சோடியம் ஏறிய களிமண் இப்படித்தான் செய்யும். உப்புத் தண்ணீர் பட்டால் கூடி நிற்கும். நல்ல தண்ணீர் பட்டால் ஒன்றை ஒன்று உதறிவிட்டுக் கரைந்து ஓடும். கடற்கரையில் கரை போடுகிறவனுக்கு இதைவிட மோசமான செய்தி இருக்க முடியாது. நாம் சேர்க்கப் போவது மழைத் தண்ணீர்.

இரண்டு வழி உண்டு. அந்த மண்ணோடு ஜிப்சம் கலப்பது. எவ்வளவு என்று மண் பரிசோதனை சொல்லும். இல்லையென்றால் உடைந்த இடத்துக்கும் தண்ணீர்ப் பக்கத்து முகத்துக்கும் மட்டும் நல்ல களி கலந்த செம்மண்ணை வெளியிலிருந்து கொண்டுவருவது. உடைப்பு 30 அடிதான். இரண்டு ஓரத்தையும் செங்குத்தாக விடாமல் சரிவாகச் சீவி, அடியில் இரண்டடிப் பள்ளம் எடுத்துப் பூட்டினால் ஐம்பது யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) மண்ணுக்குள் அடங்கிவிடும். அண்ணனின் குட்டைக்குத் தோண்டி எடுக்க வேண்டியதே 500 யூனிட். செலவில் எது குறைவு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜேசிபி வாளியால் இரண்டு தட்டுத் தட்டினால் அது கரை இல்லை, மண்குவியல். அரையடிக்கு ஒரு அடுக்கு, மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலரோ திமிசுக்கட்டையோ போட்டு இறுக்கிவிட்டு அடுத்த அடுக்கு. கரை மேலே முளைத்திருக்கிற சீமைக்கருவேலம் வேரோடு போக வேண்டும்; மேலே வெட்டிவிட்டால் உள்ளே வேர் மக்கி, குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குழாயே இனி கரைக்குள் வேண்டாம். மிளகாய்க்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கரைக்கு மேலே ஹோஸைப் போட்டு உறிஞ்சி இறக்கிக்கொள்ளலாம், சைஃபன். டிராக்டரிலிருந்து டீசல் உறிஞ்சத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

இதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். தகராறு வந்தது கலுங்கில்.

எங்கள் கரைக்கு மேற்கே, மற்றவர்கள் நிலத்தையும் சேர்த்து, 25 ஏக்கரில் விழுகிற மழை வழிந்து வருகிறது. ஊறிப்போன நிலத்தில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்தால், அதில் எழுபது சதவீதம் ஓடி வந்தால், 1 கோடியே 40 லட்சம் லிட்டர். எங்கள் கரை முழுக்கக் காலியாக இருந்தாலும் அதில் பாதிகூடப் பிடிக்காது. 200 என்பது அதீதமும் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்களிடமிருந்து கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனால் அதே கடல், அதே மேகம். தாத்தா வைத்த கலுங்கு 4 அடி அகலம். வருவதில் பாதி மூன்று மணி நேரத்தில் வந்தால் விநாடிக்கு 650 லிட்டர் வெளியேற வேண்டும். 4 அடிக் கலுங்கில் ஓரடி உயரத்துக்கு ஓடினாலும் 340 லிட்டர்தான் போகும். மிச்சம் கரை மேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் அப்புறம் பேச்சே இல்லை.

குழாய் உடைக்காமல் இருந்திருந்தால் கலுங்கு உடைத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் சொன்னது: கலுங்கை 25 அடி அகலமாக்குவோம், மட்டத்தை ஓரடி இறக்குவோம். அரையடி உயரத்துக்கு ஓடினாலே 750 லிட்டர் போய்விடும். கரையில் ஆறடி இருக்கட்டும், தண்ணீர் அந்த அளவுக்கு ஏற வேண்டாம். இதற்கு விலை உண்டு. ஓரடி என்றால் 2 ஏக்கரில் 24 லட்சம் லிட்டர். 60-இல் 24 போய்விடுகிறது. அண்ணன் போனிலேயே கத்தினார். “அதுக்கு எதுக்குடா கரை? என் குட்டையே நல்லாயிருக்கும்ல?”

அவருக்கு நான் சொன்ன பதில் எங்கள் கீழ்ப்பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னது. கீழக்கரைக்காரர், அண்ணன் முறையில் அவரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கரை உடைந்த அன்று அவர் தோப்பில் புதிதாக வைத்த தென்னங்கன்றுகளையெல்லாம் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. மறுநாள் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “தம்பி, நிக்கிற தண்ணி ஒங்க எடத்துல, போற தண்ணி எங்க எடத்துல. நீங்க நிக்கிறத மட்டும் கணக்குப் பாத்தியள்.”

சட்டமும் ஏறத்தாழ அவர் பக்கம்தான். 1882-ஆம் வருஷத்து அனுபோக உரிமைச் சட்டப்படி, ஓடையாக வகுபடாமல் நிலத்தின் மேல் வழிந்து வருகிற தண்ணீரை அவரவர் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஓடையாக ஓடுவதை மறிப்பது வேறு விஷயம். சேர்த்தது உடைந்து அடுத்தவனை அழித்தால்? இங்கிலாந்தில் ஓர் ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பாய்ந்து பக்கத்துச் சுரங்கம் மூழ்கிய வழக்கில், கவனக்குறைவை நிரூபிக்காவிட்டாலும் கட்டியவரே பொறுப்பு என்று 1868-இல் தீர்ப்பானது. ஆறு வருஷம் கழித்து நம் பக்கத்திலிருந்து அதே கேள்வி, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போக, மதராஸ் ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. ஜமீன் ஜெயித்தது. அந்த ஏரிகள் காலங்காலமாக மக்கள் பிழைப்புக்கு இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீனின் கடமை, கவனக்குறைவும் இல்லை. எனவே ஆலைக்காரருக்குச் சொன்னது இங்கே பொருந்தாது என்றார்கள். சித்தப்பா இதைக் கேட்டதும் “அப்ப நமக்கும் அதேதானே” என்றார். இல்லை. எங்கள் கரை ஊர்க் கண்மாய் இல்லை, எங்கள் மிளகாய்க்கும் எங்கள் பருப்புக்கும் போட்டது. நான் வக்கீல் இல்லை, ஆனால் எங்களைப் பார்த்தால் எனக்கு ஜமீன்தார் தெரியவில்லை, ஆலைக்காரர்தான் தெரிகிறார்.

2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு, சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும். ஆறடிக் கரையைப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பிறகு டார்ச் லைட்டோடு கரையின் வெளிப்பக்கம் நடந்து, கசிவு தெளிவா கலங்கலா என்று பார்க்கிற அதிகாரி நான்தான்.

கலுங்கில் வெளியேறுகிற தண்ணீர் காக்கா தோப்பு ஓரமாக ஒரு கால் (வாய்க்கால்) வழியே போய், கீழே இருக்கிற ஊர்க் கண்மாயில் சேர வேண்டும். பழைய கால் தூர்ந்து கிடக்கிறது. அதை வெட்டுகிற செலவும் எங்களுடையது என்று ஒத்துக்கொண்டேன். அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மட்டத்தை இறக்கினால் எங்களிடம் நிற்காத அந்த 24 லட்சமும் கண்மாய்க்குத்தான் போகிறது. ஆளாளுக்கு மேலே கரை போட்டு மறித்துக்கொண்டால் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வரும்?

குட்டையை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. கலுங்கை இறக்கியதால் மழை குறைந்த வருஷத்தில் தைத் தண்ணீர் கிடைக்கும், மாசித் தண்ணீர் சந்தேகம். கரைக்குள்ளேயே, கிணற்றுக்குத் தள்ளி மேடான மூலையில், தரைக்கு மேலே எழுப்பிய சின்ன தார்ப்பாய்த் தொட்டி ஒன்று போட்டு, நிறைந்த நாட்களில் அதில் ஏற்றி வைக்கலாம். இந்த வருஷம் கையில் காசு இல்லை. முதலில் கரை.

போன ஞாயிற்றுக்கிழமை கலுங்கு மட்டம் குறித்தோம். மேஸ்திரி தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொள்ள, நான் அண்ணனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு நின்றேன். பழைய கலுங்குக் கல்லிலிருந்து அளந்து, சுண்ணாம்பு தடவிய குச்சியை அடித்தோம்.

“எவ்வளவுடா கொறையுது?” என்றார்.

“ஓரடிண்ணே.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “காக்கா என்ன சொல்றாரு?”

போனைத் திருப்பிக் காட்டினேன். காக்கா குனிந்து, குச்சியை இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.